முஸாஃபிரின் மூட்டை

பயணம் புறப்படுகிறவர் எத்தனை ஆடைகளை எடுத்துச் செல்வது என்பது வீட்டுக் கவலை, இதில் மார்க்கத்துக்கும் வரலாற்றுக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஹதீஸ் நூல்களைப் புரட்டியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். யார் எந்த ஒட்டகத்தில் மூட்டையை ஏற்றினார், யார் பையைத் திறந்து எந்த ஆடையை எடுத்தார், துவைத்த துணி காய்ந்ததா ஈரமாகவே உடுத்தப்பட்டதா என்பவையெல்லாம் அறிவிப்பாளர் தொடரோடு நமக்கு வந்து சேர்ந்துள்ளன. முன்னோர்கள் அற்பமென்று ஒதுக்காத செய்திகளை நாம் ஒதுக்குவதற்கில்லை.

களம்பூரில் மூட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரிசி மூட்டைதான். ஊரைச் சுற்றிலும் அரிசி ஆலைகள். பக்கத்து ஆரணியில் பட்டுத் தறிகள். ஊரிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரோ ‘ஆரணி ரோடு’. ஆரணி நகருக்குள் ரயில் வராததால், காட்பாடி–விழுப்புரம் பாதையில் நம் ஊர் நிலையமே ஆரணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே ஊணும் உடையும் பயணமும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஊர் இது. இங்கிருந்து இப்போது உம்ராவுக்குச் செல்வோர் பெருகிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். பதினான்கு அல்லது பதினைந்து நாள் பயணம். ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெட்டிகளைப் பார்த்தால், புறப்படுகிறவர்கள் அங்கேயே குடியேறப் போகிறார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பதினைந்து நாள் என்ற கணக்குக்கு ஃபிக்ஹில் தனி இடமுண்டு. நம் வடமாவட்டங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபில், மூன்று நாள் நடைத்தொலைவைக் கடந்து சென்றவர் ஓர் ஊரில் பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல் தங்குவதாக நிய்யத் செய்தால் அவர் அவ்வூரில் முகீம். அதற்குக் குறைந்தால் முஸாஃபிர். கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இந்தக் கணக்கு நான்கு நாள்தான். தோல் காலுறையின்மீது மஸ்ஹு செய்யும் சலுகை ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும். பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும். ஷரீஅத் பயணியின் தொழுகையைக் குறைத்தது, நோன்பைப் பிற்படுத்த அனுமதித்தது, காலுறையைக் கழற்றும் சிரமத்தையும் தள்ளிப்போட்டது. எல்லாத் திசையிலும் சுமை இறக்கப்பட்டுள்ளது. அந்தச் சலுகைகளை ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறு கையால் முப்பது ஜோடித் துணியைத் தூக்கிக்கொள்வது நம் சொந்த ஏற்பாடு.

இஸ்லாத்துக்கு முன் மக்காவுக்கு வந்த யாத்ரீகரின் நிலை வேறு. குறைஷியரும் அவர்களைச் சார்ந்தோரும் தங்களை ‘ஹும்ஸ்’ என்று அழைத்துக்கொண்டனர். வெளியூரிலிருந்து வருகிறவர் தாம் உடுத்தி வந்த ஆடையோடு கஅபாவைத் தவாஃப் செய்யக் கூடாது, ஏனெனில் அந்த ஆடையில் அவர் பாவம் செய்திருக்கிறார் என்பது அவர்கள் விதித்த சட்டம். ஹும்ஸைச் சேர்ந்த ஒருவர் தம் ஆடையைக் கொடுத்து உதவினால் அதை உடுத்தித் தவாஃப் செய்யலாம். கிடைக்காதவர் நிர்வாணமாகச் சுற்ற வேண்டும். தம் சொந்த ஆடையிலேயே சுற்றிவிட்டால், சுற்றி முடித்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். பிறகு அதை அவரும் தொடக்கூடாது, பிறரும் தொடக்கூடாது. ஆக, பயணி எத்தனை ஆடை சுமந்து வந்தாலும் மக்காவின் எல்லையில் அத்தனையும் செல்லாக்காசு. உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவரை அண்டி நிற்பதுதான் வழி. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் அபூபக்ர் (ரலி) அவர்களின் தலைமையில் நடந்த ஹஜ்ஜில், இனி எவரும் நிர்வாணமாகத் தவாஃப் செய்யக் கூடாது என்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அத்துடன் அந்த வழக்கம் ஒழிந்தது. அடுத்த ஆண்டு நபி (ஸல்) அவர்களின் ஹஜ்ஜத்துல் வதாஃ. அரபியரும் அரபியரல்லாதோரும், தலைவரும் அடிமையும் தைக்கப்படாத இரண்டு துண்டில் வந்து நிற்கும் காட்சியை, ஹும்ஸ் காலத்தின் நினைவோடு பார்க்கிறவர்களுக்கே அதன் முழுப் பொருளும் விளங்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் அன்று இருந்தது. யமன் நாட்டவர் சிலர் ஹஜ்ஜுக்கு வரும்போது வழிச்செலவுக்கு எதையும் எடுத்துவர மாட்டார்கள். நாங்கள் அல்லாஹ்வின்மீது தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்காவுக்கு வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். வழித்துணைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இவர்களைக் குறித்தே இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். அந்த வசனம் தக்வாவைச் சிறந்த வழித்துணை என்று கூறுவதால், மூட்டையே வேண்டாம் என்று அதற்குப் பொருள் சொல்லும் சில பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். வசனம் இறங்கிய காரணம் அந்தப் பொருளை ஏற்கவில்லை. பிறரிடம் கையேந்தாத அளவுக்குக் கையில் இருக்கட்டும் என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. மாற்றுடை இல்லாமல் கிளம்பிப்போய், உடன் வந்தவரிடம் துண்டு கேட்டும் கைலி கேட்டும் நிற்பது துறவாகாது.

நபி (ஸல்) அவர்களின் மூட்டை எப்படி இருந்தது? அனஸ் (ரலி) அவர்கள் அலங்கார அம்பாரி இல்லாத சாதாரணச் சேணத்தில் அமர்ந்து ஹஜ் செய்தார்கள். கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. அல்லாஹ்வின் தூதர் அவ்வாறே ஒரு சேணத்தில் ஹஜ் செய்தார்கள், ஏறிச் சென்ற அந்த ஒட்டகமே அவர்களின் சாமான்களையும் சுமந்தது என்று அறிவித்தார்கள். சேணம் பழையது, அதன்மேல் விரித்திருந்த துணி நான்கு திர்ஹம் பெறுமா என்பதே ஐயம் என்று இப்னு மாஜாவின் அறிவிப்பில் வருகிறது. அரபுத் தீபகற்பத்தின் பெரும்பகுதி அவர்களின் ஆளுகைக்குள் வந்துவிட்ட ஆண்டு அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே பயணத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கிறார்கள்; அபூதாவூதில் உள்ளது. அர்ஜ் என்ற இடத்தில் எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களுக்கும் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் சேர்த்து ஒரே சுமை ஒட்டகம். அபூபக்ரின் பணியாள் ஒருவர் அதை ஓட்டி வந்தார். அவர் வருகைக்காக அபூபக்ர் காத்திருக்கிறார். பணியாள் வந்தார், ஒட்டகம் வரவில்லை. இரவில் தொலைந்துவிட்டது என்றார். இருந்தது ஒன்று, அதையும் தொலைத்தாயா என்று அபூபக்ர் (ரலி) அவரை அடிக்கத் தொடங்கிவிட்டார். நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தபடி, இஹ்ராமில் இருக்கும் இவர் செய்வதைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

இந்த ஹதீஸைப் பாடம் நடத்தும்போது, இஹ்ராமில் இருப்பவர் பணியாளை அடிக்கலாமா என்ற மஸ்அலாவோடு பலர் நிறுத்திக்கொள்வர். எனக்கு அந்தப் பணியாள் மீதே கண் போகிறது. மூட்டை என்பது எப்போதும் வேறு யாரோ ஒருவரின் தோளில் இருக்கிறது. அது தொலைந்தால் அடி அவருக்கு. இரண்டு உத்தமர்களுக்கும் சேர்த்து ஒரே ஒட்டகம் என்ற நிலையிலேயே அப்படியென்றால், சுமை பெருகும்போது என்ன ஆகும்? நம் வீட்டுப் பயணங்களில் பெட்டியைத் தூக்குகிறவர் யார், திரும்பி வந்த பின் அத்தனை துணியையும் துவைக்கிறவர் யார் என்று கொஞ்சம் யோசித்தால் போதும்.

மூட்டை பற்றிய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது அப்துல் கைஸ் தூதுக்குழுவின் வருகை. அன்று பஹ்ரைன் என்று அழைக்கப்பட்ட கிழக்கு அரேபியாவிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து அவர்கள் மதீனாவுக்கு வந்தனர். நபி (ஸல்) அவர்களைக் கண்ட ஆவலில் ஒட்டகங்களிலிருந்து குதித்து ஓடிப்போய்க் கைகளை முத்தமிட்டனர். அல்அஷஜ் என்று அழைக்கப்பட்ட முன்திர் மட்டும் ஓடவில்லை. பின்தங்கி நின்று எல்லோருடைய ஒட்டகங்களையும் கட்டினார். சிதறிக் கிடந்த சாமான்களை ஒன்றுசேர்த்தார். பிறகு தம் துணிப்பையைத் திறந்து பயண உடையைக் களைந்துவிட்டு, நல்ல இரண்டு ஆடைகளை எடுத்து உடுத்திக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். உம்மிடம் அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் உள்ளன, பொறுமையும் நிதானமும் என்று நபி (ஸல்) அவர்கள் அவரைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு ஸஹீஹ் முஸ்லிமிலும், பையைத் திறந்து ஆடை உடுத்திய விவரம் அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் உள்ளன.

இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. வழிக்கு ஓர் உடை, அவைக்கு ஓர் உடை என்று அவர் பிரித்து வைத்திருந்தார். பையின் எந்த இடத்தில் எது இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பத்து ஜோடி வைத்திருப்பவருக்கு அது தெரியாது. அவர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித்தான் தேட வேண்டும். யமன்வாசிகளைப்போல வெறுங்கையோடு வந்திருந்தால் அஷஜ் தூசி படிந்த உடையிலேயே நின்றிருப்பார். ஒட்டகம் நிறைய ஏற்றி வந்திருந்தால் அவர் அன்று சபைக்கு வந்துசேர்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

“எல்லாம் சரி, ஹஜ்ரத். துணி நஜீஸாகிவிட்டால் தொழுகைக்கு என்ன செய்வது?” இது பெண்கள் வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி. நியாயமான கேள்விதான், குழந்தைகளோடு செல்லும் தாய்க்கு இது பெரிய கவலை. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் ஆடையில் அசுத்தம் பட்ட இடத்தை மட்டும் கழுவுவார்கள். அந்த ஈரம் திட்டுத்திட்டாகத் தெரியும்போதே அவர்கள் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. உலரும்வரை காத்திருக்கவும் இல்லை, வேறு ஆடையைத் தேடவும் இல்லை. ஜாபிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் சுவையானது. அவரது ஆடைகள் அருகில் இருந்த துணி மாட்டும் முக்காலியில் தொங்கிக்கொண்டிருக்க, அவர் ஒரே வேட்டியைக் கழுத்தோடு முடிந்துகொண்டு தொழுதார். இதென்ன, ஒரே ஆடையிலா தொழுகிறீர் என்று ஒருவர் கேட்டார். உம்மைப் போன்ற விவரமற்றவர் பார்க்க வேண்டும் என்றுதான் இப்படிச் செய்தேன், நபியவர்களின் காலத்தில் எங்களில் யாரிடம் இரண்டு ஆடை இருந்தது என்று திருப்பிக் கேட்டார் ஜாபிர். சஹாபாக்களின் கோபத்திலும் பாடம் இருக்கும்.

எனினும் ஜாபிரின் செய்தியை மட்டும் வைத்துச் சட்டம் எழுதிவிடக் கூடாது. அதே கேள்வி உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அல்லாஹ் வசதியைக் கொடுத்தால் நீங்களும் தாராளமாக உடுத்துங்கள் என்று கூறி, வேட்டியும் மேலாடையும், வேட்டியும் சட்டையும், கால்சட்டையும் மேலாடையும் என்று இணைகளை அடுக்கிச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தாராளம்கூட ஒரே நேரத்தில் இரண்டு துணி என்பதைத் தாண்டவில்லை.

பட்டு நெய்யும் வட்டாரத்தில் இருந்துகொண்டு பட்டைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஆண்களுக்குப் பட்டு ஹராம், பெண்களுக்கு ஆகுமானது. ஆனால் ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பட்டுச் சட்டை அணிய அனுமதி கொடுத்தார்கள். உடலில் ஏற்பட்ட அரிப்பே காரணம். அது ஒரு பயணத்தின்போது நடந்தது என ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பில் உள்ளது. வழியில் துவைக்கவும் குளிக்கவும் வாய்ப்புக் குறைந்த நிலையில், சொரசொரப்பான துணி புண்ணை மேலும் கிளறும் என்பதற்காக வழுவழுப்பான துணி மருந்தாக அனுமதிக்கப்பட்டது. ஆக, பயணத்தில் பட்டு வந்த இடம் நோய்க்காக. கல்யாண வீட்டில் காட்டுவதற்காக அன்று. நபி (ஸல்) அவர்களே ஒரு பயணத்தில் கை இறுக்கமான ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்தார்கள். உளூச் செய்யும்போது கையைச் சுருட்டி மேலேற்ற முடியாமல், உள்ளே இழுத்து ஜுப்பாவின் அடிவழியாக வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று முஃகீரா (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி இந்த ஹதீஸுக்குப் பயணத்தில் கை இறுகிய ஜுப்பா அணிந்தவர் என்று தனித் தலைப்பே கொடுத்துள்ளார். வழிக்கு ஏற்ற உடை வேறு என்பதை அந்த மாமேதை அப்படிக் குறித்துவைத்தார்.

கலீஃபாக்களின் காலத்தில் கதை மாறியது. அப்பாஸிய கலீஃபா அல்மஹ்தீ ஹிஜ்ரி 160இல், அதாவது கி.பி. 777இல் ஹஜ் செய்தபோது, அவருக்காக மக்காவரை பனிக்கட்டி கொண்டுசெல்லப்பட்டது. அரபு நாட்டு வெயிலில் பனிக்கட்டியைச் சுமந்து வந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அதே ஹஜ்ஜில் கஅபாவின் பராமரிப்பாளர்கள் கலீஃபாவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தனர். ஆண்டாண்டுகளாகப் போர்த்தப்பட்ட கிஸ்வாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, அவற்றின் பாரத்தால் கஅபாவே இடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம் என்றனர். மஹ்தீ அவையனைத்தையும் களையச் சொன்னார். களையக் களைய, உமையாக்களில் ஹிஷாமின் காலத்துத் தடித்த பட்டுத் திரை வந்தது. அதற்கும் அடியில் அதற்கு முந்தையோர் போர்த்திய யமன் துணிகள் இருந்தன என்கிறார் வரலாற்றாசிரியர் தபரீ. பிறகு புதிய கிஸ்வா போர்த்தப்பட்டது. கஅபாவுக்கே துணி பாரமானது என்றால், நம் வீட்டு அலமாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மூட்டையின் வரலாற்றில் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர் இப்னு பதூதா (ரஹ்). ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், கி.பி. 1325இல், இருபத்தொரு வயதில் தஞ்சா நகரத்திலிருந்து ஹஜ்ஜுக்காகத் தன்னந்தனியே புறப்பட்டவர். பல ஆண்டுகளுக்குப் பின் டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காளியாகப் பணியாற்றினார். அந்தச் சுல்தான் அவரைச் சீன அரசரிடம் தூதராக அனுப்பியபோது கொடுத்தனுப்பிய பரிசுகளில் நூறு குதிரைகளும் பலவகைத் துணிகள் ஆயிரத்து இருநூறும் அடக்கம். கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பலில் ஏற வேண்டும். பெரிய கப்பலில் அவருக்குக் கிடைத்த அறை சிறியது. தம் சாமான்களுக்கும் உடன் வந்தவர்களுக்கும் அது போதாது என்று கருதி, அவற்றைச் சற்றுச் சிறிய வேறொரு கப்பலுக்கு மாற்றினார். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கிவிட்டார். புயல் அடித்தது. சுல்தானின் பரிசுகளை ஏற்றியிருந்த பெரிய கப்பல் கரையருகே மோதிச் சிதறியது. அவருடைய சொந்தச் சாமான்களை ஏற்றியிருந்த மற்றக் கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டது. அவரிடம் எஞ்சியவை பத்து தீனாரும், கரையில் விரித்துப் படுத்திருந்த விரிப்பும் மட்டுமே.

அதன்பின் மாலத்தீவு, இலங்கை, பிறகு நம் மஃபர் கரை. இங்கும் கப்பல் தட்டியது; ஒருவாறு கரை சேர்ந்தார். அப்போது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவின் மனைவியுடைய சகோதரியை மணந்தவர். சுல்தானின் பாசறை இருந்த இடத்தை அவர் ‘ஹர்காதூ’ என்று எழுதுகிறார். அதை நம் பக்கத்து ஆற்காட்டோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்த நாட்களையும் அவர் கண்டார். மஃபரை விட்டுக் கொல்லம் போய், அங்கிருந்து ஹொன்னாவர் நோக்கிச் செல்லும் வழியில் கடற்கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து சூழ்ந்துகொண்டனர். இலங்கை அரசர் கொடுத்த மணிகள், நல்லடியார்கள் அன்பளித்த பொருட்கள், உடைகள், வழிச்செலவு எல்லாம் போயின. கால்சட்டை ஒன்றை மட்டும் விட்டுவைத்துக் கரையில் இறக்கிவிட்டார்கள். பெரும் பயணி, சுல்தான்களின் விருந்தாளி, அந்தக் கோலத்தில் கள்ளிக்கோட்டைக்கு வந்து ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். செய்தி அறிந்து ஃபகீஹ் ஒருவர் ஆடை அனுப்பினார்; காளி தலைப்பாகை அனுப்பினார்; வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார். மூன்று பேர், மூன்று துணி. அதோடு அவர் பயணம் தொடர்ந்தது. மாலத்தீவு, வங்காளம், சீனம் வரை போய் வந்தார்.

சுமந்து செல்வது எல்லாமே குறையுடையது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்காகச் சுமக்கிறோம் என்பதும் கேள்விதான். 1576இல் அக்பர் அனுப்பிய ஹஜ் குழு ஆறு லட்சம் ரூபாயோடு பன்னிரண்டாயிரம் ஆடைகளையும் ஹிஜாஸுக்குக் கொண்டுசென்றது. அவை அங்கே வழங்குவதற்கானவை. அரசியல் பெருமையும் அதில் கலந்திருக்கும். இருந்தாலும், போகும்போது நிறைந்திருந்து வரும்போது காலியாகத் திரும்பிய பெட்டிகள் அவை. நம்முடையவை பெரும்பாலும் போகும்போதே நிறைந்திருக்கின்றன. திரும்பும்போது இன்னொரு பெட்டி கூடுகிறது.

இனி கப்பல் காலத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் பம்பாய்க்கு ரயிலில் போய், கப்பலுக்காகக் காத்திருந்து, ஜித்தாவுக்குக் கடலில் சென்ற தலைமுறை அது. பம்பாயில் கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஸாபூ ஸித்தீக் முஸாஃபிர்கானாவில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த ஹாஜிகள் தங்கியிருப்பார்கள். 1877இல் தொடங்கப்பட்டுப் பின்னாளில் மொகல் லைன் என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் முஹம்மதி, இஸ்லாமி, முஸஃப்பரி, பிற்காலத்தில் அக்பர், நூர்ஜஹான் ஆகிய கப்பல்களின் பெயர்கள் பெரியவர்கள் பலருக்கு இன்றும் மனப்பாடம். தொடக்க காலத்தில் கப்பலில் சமைத்த உணவு கிடையாது. அரிசி, பருப்பு, மாவு, ஊறுகாய், பாத்திரம், படுக்கை எல்லாம் கொண்டுபோய்த் தளத்திலேயே சமைத்துக்கொண்டார்கள். புறப்பட்டு வீடு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். திரும்புவோமா என்பதே உறுதியில்லை; கடன்களைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி, கஃபன் துணியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கும் ஒரு சோதனை இருந்தது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நோய் ஐரோப்பாவரை போனது. அதையொட்டி 1866இல் இஸ்தான்புல்லில் நாடுகளின் சுகாதார மாநாடு கூடியது. 1882 முதல் செங்கடலில் உள்ள கமரான் தீவில் இந்தியக் கப்பல்கள் நிறுத்தப்பட்டு, ஹாஜிகள் இறக்கித் தடுத்து வைக்கப்பட்டனர். அங்கே துணிகளும் படுக்கைகளும் நீராவியில் வைத்து நோய்நீக்கம் செய்யப்பட்டன. மூட்டை பெரிதானால் காத்திருப்பும் அலைச்சலும் பெரிது.

பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பல்கள் 1995இல் நின்றுபோயின. இப்போது சென்னையிலிருந்து சில மணி நேரம். போய்ச் சேரும் இடத்தில் கட்டில், குளியலறை, உணவு, துணி துவைக்கும் வசதி எல்லாம் உண்டு. மாதங்கள் நாட்களாகிவிட்டன. ஆனால் தாத்தாவின் நான்கு மாதப் பெட்டியைக் கட்டும் பழக்கம் மட்டும் பேரனின் பதினைந்து நாள் பயணத்துக்கு அப்படியே வந்துவிட்டது. அன்று தேவையால் சுமந்தார்கள். அரிசியும் அடுப்பும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. இன்று அந்த இடத்தைத் துணி பிடித்துக்கொண்டது. விமான நிலையத்தில் எடை மேடைக்கு முன் பெட்டிகளைத் தரையில் திறந்துபோட்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று குடும்பங்கள் தடுமாறுவதை உம்ராக் குழுக்களோடு போனவர்கள் பார்த்திருப்பார்கள். கணவன் ஒரு பக்கம் கோபப்பட, மனைவி கண்கலங்க, கட்டிவிடும் தல்பியா அங்கேயே மறந்துபோகிறது.

இதில் என்னை வருத்தும் விஷயம் வேறு. உம்ராவின் கட்டணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவிட்டு, புறப்படும் நேரத்தில் “போட்டுக்கொண்டு போக நல்லதாக எதுவுமில்லை” என்பதற்காகக் கடன் வாங்குகிறார்கள். உறவினர் அனைவருக்கும் வாங்கி வருவதற்கென்று மேலும் ஒரு கடன். சிலர் பயணத்தையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஹஜ் கடமையாவதற்கான சக்தியை ஃபுகஹாக்கள் விளக்கும்போது வழிச்செலவு, வாகனம், வீட்டில் விட்டுச்செல்வோரின் செலவு ஆகியவற்றைச் சொன்னார்களே தவிர, புதுத்துணியைச் சொல்லவில்லை. அரஃபாவில் ஒட்டகத்திலிருந்து விழுந்து இறந்த ஹாஜியை, அவர் உடுத்தியிருந்த அந்த இரண்டு இஹ்ராம் துண்டிலேயே கஃபனிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மறுமையில் அவர் தல்பியா சொன்னபடி எழுப்பப்படுவார் என்றும் கூறினார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இஹ்ராம் துணியை ஸம்ஸம் நீரில் நனைத்து உலர்த்திக் கொண்டுவந்து, தமக்கான கஃபனாக அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்த அத்தனை துணியிலும் அவர்கள் எடுத்துவைத்தது அது ஒன்றைத்தான்.

ஷவ்வால் மாதம் மதரஸா திறக்கும்போது புதிதாகச் சேரும் பிள்ளைகள் ட்ரங்குப் பெட்டியோடு வருவார்கள். தாய்மார்கள் ஆசையாக அடுக்கிக் கொடுத்த எட்டு பத்து ஜுப்பாக்கள் அதில் இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை இரண்டை மட்டும் மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொண்டிருப்பான். மீதி பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும். அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

உம்ராவுக்குப் போகும் ஆண்களுக்கு இஹ்ராம் இரண்டு ஜோடி, தைத்த உடை மூன்று, உறங்க ஒரு கைலி, ஒரு துண்டு. இவை போதும் என்பது போய்வந்தவர்களோடு பேசி நான் அறிந்த கணக்கு. பெண்கள் இஹ்ராமிலும் தங்கள் வழக்கமான உடையே அணிவதால் அவர்களுக்கென்று தனி உடை தேவையில்லை; எளிதில் துவைத்து இரவுக்குள் உலரும் பருத்திக் கலப்புத் துணி நான்கு ஜோடி, தொழுகைக்கான மேலங்கி இரண்டு. சிறு குழந்தை இருந்தால் குழந்தைக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். பட்டுப் புடவை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். ஹராம் இல்லை. ஆனால் தவாஃபின் நெரிசலில் சரிகை அடுத்தவரின் துப்பட்டாவில் மாட்டும், வியர்வையில் கறைபடியும், ஹோட்டல் குளியலறையில் அதைத் துவைக்கவும் முடியாது. ஆரணித் தறியில் அதை நெய்தவரைக் கேட்டாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத்தான் சொல்வார்.